ஆறு கை மேசை

முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்பதை இம்முறை ஒரு மேசை தீர்மானிக்கும் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தபோது, வயல்களை மேற்பார்க்கும் மக்கீன் வட்டைவிதானையார் இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் வெள்ளாமையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளாமை அங்கேதான் இருந்தது, அவருடைய காலடியில். கதிர் இன்னும் பயிரின் வயிற்றுக்குள் இருக்கும் பருவம். இன்னும் சில நாள் முழுகிக் கிடந்தால் வயிற்றோடு அழுகிவிடும். நற்பிட்டிமுனைக்குப் பின்னால் வட்டை, அந்த வயல்வெளி முழுவதும், ஒரே கண்ணாடியாகக் கிடந்தது. வானம் குனிந்து அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. விவசாயிக்கு வரும் கேடு பார்ப்பதற்கு எப்போதும் அழகாகத்தான் வரும்.

விசயம் சின்னது. மாரி மழையில் களப்பு, அந்தக் கடலோர ஏரி, நிறையும். களப்புக்கும் கடலுக்கும் நடுவில், முகத்துவாரத்தில், மணல் அடைத்துக் கிடக்கும். அந்த மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகும், வெள்ளாமை பிழைக்கும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து களப்பின் மீனும் இறாலும் போய்விடும், மீன்பிடிகாரர் வாயில் மண். ஆகவே ஒவ்வொரு மாரியிலும் கூட்டம் நடக்கும். கூட்டத்தில் சத்தம் வரும். சத்தம் முற்றினால் யாராவது ஒரு கதிரையைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். தூக்கிய கதிரை இறங்குவதற்குள் ஒரு முடிவு வந்துவிடும். இந்த ஏற்பாடு நெடுங்காலமாகக் குறையில்லாமல் நடந்து வந்தது. குறையில்லாமல் நடக்கும் எதையும் மேம்படுத்துவது அரசாங்கத்தின் தலையாய கடமையல்லவா?

"மேசையா?" என்றாள் அவர் மனைவி ஜெமீலா. "மேசை என்னத்தக் கண்டிச்சி? அதுட கால் தண்ணிக்குள்ள நிண்டிரிக்கா?"

"புது மேசையாம் புள்ள. தொட்டா வெளிச்சம் வருமாம்."

"நம்மட வட்டைக்கு வெளிச்சம் காணும். தண்ணி போற வழியக் கேளுங்க."

கல்முனையில், கடற்கரை வீதியில் இருந்தது அந்தக் கந்தோர், 'கூட்டுத் தீர்மான வசதிப்படுத்தல் பிரிவு'. அதன் பணிப்பாளர் நிப்றாஸ் ஒரு குளிர் நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அந்த நாட்டு மனிதர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதற்கு நடுவில் ஒரு திரை வேண்டியிருக்கிறதாம். அதைக் கேட்க மக்கீனுக்குப் பாவமாக இருந்தது. பணிப்பாளருக்கு அது பெருமையாக இருந்தது.

மண்டபத்தில் பழைய மேசைகள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அகற்றிவிட்டு நடுவில் வட்டமாக ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதன் முகம் முழுவதும் திரை. திரையின் மேல் ஒட்டி வந்த பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. திறப்புவிழாவுக்குப் பிரமுகர் வரும்வரை அரச சொத்தைப் பாதுகாக்கவேண்டும் என்பது உத்தரவு. மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் இருந்தன. மக்கீன் தன் கதிரையை மெல்ல அசைத்துப் பார்த்தார். தூக்கமுடியாத கனம். நிருவாகம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறது.

"இதன் பெயர் தொட்டுணர் கூட்டுக் காட்சி இடைமுகம்" என்றார் பணிப்பாளர். அறை ஒரு கணம் மௌன அஞ்சலி செலுத்தியது.

மேசையைச் செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த பொறியியலாளர் சுஜித்தா மிஸ் விளக்கினார். "இந்தப் படத்தில தெரியிறது உங்கட களப்பும் வட்டையும் ஊரும்தான். இதுகள் மரக்கட்டையள். நெல்லுக்கு ஒண்டு, மீனுக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. நடுவில இருக்கிற சிவப்புக் கட்டைதான் மண்வெட்டி. அதை எவடத்த வைக்கிறீங்களோ அவடத்த வெட்டுவாங்க. வெட்டத் தேவையில்லை எண்டா மேசைய விட்டு வெளிய எடுத்து வைக்கிறது. பிறகு ஆறு பேரும் வலது கைய ஒரே நேரத்தில நடுவுக்கு நீட்டோணும். மேல தொங்குற கமரா பாக்கும். ஆறு கையும் ஒண்டா வந்தா அது ஒருமித்த முடிவு. உடன மண் வெட்டுற பெக்கோ மெசின்காரருக்குத் தகவல் போயிரும்."

"ஒரு கை குறைஞ்சா?" என்று மக்கீன் கேட்டார்.

"முடிவில்ல, ஐயா."

"ஒரு கை கூடினா?" இதைக் கேட்டவர் மீனவர் சங்கத் தலைவர் அச்சிமுகம்மது.

"ஆறு பேர்தானே இருக்கிறீங்க?"

"தேர்தல் நேரம் இந்தப் பக்கம் வந்து பாருங்க மிஸ். கை கூடுறது எப்படி எண்டு விளங்கும்."

ஆறு பேரும் அமர்ந்தார்கள். மக்கீனுக்கு வலப்பக்கம் பக்கத்து வட்டைக்காரரான பாண்டிருப்பு அழகரெத்தினம். எதிரே அச்சிமுகம்மது. இடப்பக்கம் பணிப்பாளர். மிச்ச இரண்டும் சுற்றாடலையும் கரையோரத்தையும் பார்க்கும் உத்தியோகத்தர்கள். அவர்கள் கதைப்பதில்லை, அறிக்கை மட்டும் தருவார்கள்.

இங்கேதான் குளிர் நாட்டில் யாரும் எண்ணிப்பாராத ஒன்று நடந்தது. வட்டமாக ஒரு பொருளை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேரை உட்கார வைத்தால், இந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கலியாண வீட்டுச் சஹன். ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. சஹனில் இருப்பவன் தன் பக்கத்துச் சோற்றைத்தான் தொடுவான். அடுத்தவன் பக்கம் கை போகாது. நடுவில் இருக்கும் பொரித்த கோழியை எவனும் தானாக எடுக்கமாட்டான், மற்றவன் பக்கம் தள்ளிவிடுவான். எல்லாரும் கை வைக்கும்வரை ஒருவனும் வாய் வைக்கமாட்டான். தொட்டிலில் கற்றது. மேசைக்காக மறக்க முடியுமா?

"ஐயா, மண்வெட்டிக் கட்டைய எடுங்க" என்றார் சுஜித்தா.

"அது தலைவர்ட பக்கமா எல்லோ கிடக்கு, மகள்" என்றார் மக்கீன்.

"கைய நீட்டி எடுக்கலாம்."

"அடுத்தவர்ட பக்கத்தில கை போடுறதா? என்ன உம்மா வளக்கல்லயா?"

அச்சிமுகம்மது கட்டையை இரண்டு விரலால் மக்கீன் பக்கம் தள்ளினார். "நீங்க எடுங்க, விதானையார்."

"ஐயோ, நீங்க எடுங்க."

"நீங்க மூத்தவர்."

"நீங்க தலைவர்."

வருடாவருடம் கதிரை தூக்கிய இருவரும் அன்று ஒருவரையொருவர் உபசரித்தே களைத்துப்போனார்கள். கட்டை களப்பைக் கடந்தது, வட்டையைக் கடந்தது, அழகரெத்தினத்திடம் போய்த் திரும்பி வந்தது. "நடுவுக்குக் கை!" என்று பணிப்பாளர் கட்டளையிட்டார். ஒரு கை வந்தது. அது தனியாக நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. பிறகு இரண்டு வந்தன. 'பங்கேற்பு போதாது' என்று மேசை பெண்குரலில் வருந்தியது. வெளியே மழை விடாமல் பெய்தது.

பகல் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கந்தோருக்குப் பின்வீட்டில் அன்று கலியாண விருந்து. அயலைப் பட்டினி போட்டுவிட்டு விருந்து வைப்பது வழக்கமில்லை என்பதால், அவர்கள் ஒரு சஹனை நிரப்பித் துணியால் மூடி அனுப்பியிருந்தார்கள். வைப்பதற்கு வேறு மேசை இல்லை.

"சேர், இது திரை!" என்று சுஜித்தா பதறினார்.

"பொலித்தீன் இரிக்கிதானே" என்றார் பணிப்பாளர். புறங்கையால் கட்டைகளையெல்லாம் தன் பக்கமாக ஒதுக்கினார். சஹன் களப்பின் மேல் இறங்கியது. துணியை விலக்கியதும் நெய்ச்சோற்றின் ஆவி எழும்பி ஆறு முகங்களையும் ஒன்றாக்கியது.

"கோழிதானே, மச்சான்?" என்று அழகரெத்தினம் மக்கீனின் காதைக் கடித்தார்.

"கோழிதான். பயப்படாமக் கைய வை."

கை கழுவும் பாத்திரம் சுற்றி வந்தது. "பிஸ்மில்லாஹ்" என்று குரல் எழுந்தது. ஆறு வலது கைகள் ஒரே கணத்தில் நடுவுக்குப் போயின.

மேசை பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு மணி அடித்தது. 'ஒருமித்த முடிவு எட்டப்பட்டது. பங்குபற்றுநர்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்.'

"என்ன முடிவு?" என்றார் அச்சிமுகம்மது, வாய் நிறைய.

அது கோழி எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகுதான் தெரிந்தது. வாசலில் பெரிய சத்தம் கேட்டது. பெக்கோ ஓட்டும் ஜீவராஜ் கைபேசியை நீட்டியபடி உள்ளே வந்தான்.

"சேர், கந்தோர் முன்வாசல் எண்டு கிடக்கு. கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"என்னது கேட்டுக்கு?"

"வெட்டுறது."

சுஜித்தா சஹனை அகற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். மண்வெட்டிக் கட்டை, பணிப்பாளர் ஒதுக்கிய இடத்திலேயே, கடற்கரை வீதியில், கந்தோர் வாசலில் அழகாக நின்றது.

"இது பிழை! முகத்துவாரத்தில வெட்டு" என்றார் பணிப்பாளர்.

"நீங்க ஒராள் சொல்லுறீங்க சேர். இதில ஒருமித்த முடிவு எண்டு கிடக்கு. நான் ஆர்ர கதையக் கேக்கிற?"

"மிஸ், ரத்துச் செய்யுங்க!"

"ரத்துச் செய்யவும் ஆறு கை வேணும், சேர்."

ஆறு பேரும் அவசரமாக மறுபடி உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இரண்டில் நீட்டினார். ஒருவர் நான்குக்குக் காத்திருந்தார். கரையோர உத்தியோகத்தர் மேலதிகாரியைக் கேட்கவேண்டும் என்று, முதன்முறையாக வாய் திறந்து, சொன்னார். சோறில்லாத வெறும் நடுவுக்குக் கை எப்படித் தானாகப் போகும்? அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பெயர்ப்பலகை தூணோடு விழும் ஓசை கேட்டது.

மாலையில், வாசலில் வெட்டிய பள்ளத்தின் மேல் பலகை போட்டு, உத்தியோகத்தர்கள் சாறியையும் காற்சட்டையையும் தூக்கிப்பிடித்தபடி வீடு போனார்கள். பணிப்பாளர் அந்தப் பள்ளத்துக்கு 'முன்மாதிரி வாய்க்கால்' என்று பெயரிட்டு மேலிடத்துக்குப் படம் அனுப்பினார். பாராட்டு வந்தது.

"வெட்டிட்டீங்களா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"வெட்டின."

"எவடத்த?"

மக்கீன் சாறனை மாற்றப் போய்விட்டார்.

அடுத்த நாள் பணிப்பாளர் தானே சஹனுக்கு ஏற்பாடு செய்திருந்தார். மேசையைப் பற்றி இப்போது எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சஹன் இறங்குமுன் மக்கீன் கூச்சத்தை விட்டு, மண்வெட்டிக் கட்டையை எடுத்து முகத்துவாரத்தில் நிறுத்தினார். அச்சிமுகம்மது அதைப் பார்த்தார். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதன் மேல் பொத்திக்கொண்டார்.

"வயிறு சரியில்ல."

"நேத்து நல்லாத்தானே இருந்திச்சி?"

"நேத்துத் திண்டதாலதான் இண்டைக்குச் சரியில்ல. எங்கட மீன் கடலுக்குப் போனா, விதானையார், நீங்களா நீந்திப் போய்ப் புடிச்சித் தருவீங்க?"

"எங்கட நெல்லு அழுகினா உங்கட மீன எதோட வைச்சித் திங்கப் போறீங்க?"

"பேக்கரிப் பாணோட."

"மச்சான்மாரே, சோறு ஆறுது" என்றார் அழகரெத்தினம். ஒருவர் கை வைக்காமல் மற்றவர் தின்ன முடியாது. ஐந்து கைகள் சோற்றின் மேல் கொக்குக் கூட்டம் போல நின்றன. 'பங்கேற்பு போதாது' என்றது மேசை.

அச்சிமுகம்மதின் கைபேசி அடித்தது. அவர் எழும்பி நடைக்குப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தார். அடுத்தது மக்கீனுடையது.

"இஞ்சாருங்க" என்றாள் ஜெமீலா. அவள் குரலில் சிரிப்பு நுரைத்தது. "முகத்துவாரம் வெட்டியாச்சி! மீன்காரர்ட வீட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டாம். காலையில அவங்களே மண்வெட்டியோட போய் வெட்டிப்போட்டாங்க. முதல் மண்ணள்ளினது ஆர் தெரியுமா? உங்கட அச்சிமுகம்மது காக்காட மருமகன்! நம்மட வரம்பு தெரியிது. எழும்பி வாங்க."

"ஓம்... ஓம் கா" என்றார் மக்கீன். கைபேசியை மடியில் வைத்தார். அச்சிமுகம்மதைப் பார்த்தார். அச்சிமுகம்மது கோழியைப் பார்த்தார். அழகரெத்தினத்தின் பையிலும் ஏதோ அதிர்ந்து ஓய்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பார்த்தார். உத்தியோகத்தர்கள் இருவரும் தங்கள் கைபேசிகளைக் கவிழ்த்து வைத்தார்கள்.

விசயத்தை யாராவது சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். கூட்டம் முடிந்தால் சஹன் எழும்பிவிடும்.

"வயிறு இப்ப கொஞ்சம் பரவாயில்ல" என்றார் அச்சிமுகம்மது.

ஆறு கைகளும் உள்ளே போயின. மணி அடித்தது. வாழ்த்துகள் வந்தன. மக்கீன் வாழ்க்கையில் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை.

அன்று மாலை வட்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பயிரின் நுனிகள் ஒவ்வொன்றாக, முழுகி எழும்பும் பிள்ளைகளின் தலைகளைப் போல, மேலே வந்தன. மக்கீன் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார். கண் கலங்கியது.

"மேசையா வெட்டிச்சி?" என்றாள் ஜெமீலா.

"கூட்டுத் தீர்மானம் புள்ள" என்றார் மக்கீன். சொல்லிப் பார்த்தபோது அது உண்மை போலத்தான் இருந்தது.

பிறகு அடுத்த அறிவித்தல் வந்தது. மீண்டும் பிரசன்னமாயிருக்குமாறு தயவுடன் கேட்டிருந்தார்கள்.

"ஒரு சிக்கல்" என்றார் பணிப்பாளர். "முகத்துவாரத்தை வெட்டத் தீர்மானம் எடுத்தது பகல் சாப்பாட்டு நேரம். ஆனா அது திறந்திரிக்கிறது காலையில. தீர்மானத்துக்கு முந்தித் திறந்தது, சட்டப்படி திறந்ததில்ல."

"தண்ணி ஓடுதே, சேர்?"

"தண்ணி சட்டவிரோதமா ஓடுது."

"அப்ப என்ன செய்யிற?"

"முதல்ல மூடுறது. மறுகா, எடுத்த தீர்மானத்தின்படி முறையாத் திறக்கிறது. மூடுறதுக்கு இன்னொரு ஒருமித்த முடிவு வேணும். சின்ன வேலைதான். மறுபடி திறக்க ஒரு திகதி பிறகு அறிவிக்கப்படும்."

வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது. அந்தத் திகதி எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

மக்கீன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் தயாராகத்தான் வந்திருந்தார். "எதுக்கெண்டாலும் கையப் போட்டுட்டு வந்தீங்க எண்டா வீட்டுல உங்களுக்குச் சோறில்ல" என்று ஜெமீலா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "என்ட கை மடிய உட்டு எழும்பாது" என்று அவரும் சொல்லியிருந்தார்.

சுஜித்தா மிஸ் இந்தத் தடவை கறுப்புக் கட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். அது மூடுவதற்கு. பணிப்பாளர் அதை முகத்துவாரத்தில் வைத்தார். பிறகு சஹன் வந்தது. சுற்றுநிருபத்தின்படி இப்போது எல்லாத் தீர்மானத்துக்கும் சஹன் கட்டாயம். மேலிடம் அதற்கு 'உள்ளூர் பங்கேற்பு முறை' என்று பெயர் கொடுத்திருந்தது. நெய்ச்சோற்றின் உச்சியில் முழுக்கோழி, பக்கத்தில் இனிப்புக்கு நடுங்கும் வட்டிலப்பம்.

நான்கு கைகள் வந்து நின்றன. அச்சிமுகம்மதின் கையும் மெதுவாக எழும்பி வந்து நின்றது. ஐந்து பேரும் மக்கீனைப் பார்த்தார்கள்.

"என்ன விதானையார்," என்றார் அச்சிமுகம்மது, கண்ணைச் சிமிட்டி, "வயிறு சரியில்லையா?"

மக்கீன் கணக்குப் போட்டார். முகத்துவாரத்தை மூடினால் தண்ணீர் ஏறப்போவது அச்சிமுகம்மதின் ஆட்களின் அடுப்பில். ஆகவே இந்த மனுசன் கடைசி நொடியில் கையை எப்படியும் இழுத்துக்கொள்வார். இழுத்தால் முடிவில்லை. அப்படியிருக்கத் தான் எதற்கு வீணாக முரண்டு பிடித்து, ஐந்து பேரைப் பட்டினி போட்டவன் என்று பெயரெடுக்க வேண்டும்? தன் கையை வைத்த மாதிரி வைத்தால் போதும். மரியாதையும் மிஞ்சும், வெள்ளாமையும் மிஞ்சும்.

மூடினால் விதானையாரின் வெள்ளாமைதான் முதலில் அழுகும், மனுசன் ஒருக்காலும் கை வைக்கமாட்டார் என்று அச்சிமுகம்மதும் அதே நேரம் கணக்குப் போட்டது, பிறகுதான் தெரியவந்தது. அழகரெத்தினம் இருவரையும் நம்பியிருந்தார்.

"பிஸ்மில்லாஹ்" என்றார் மக்கீன்.

ஆறு கைகளும் போயின. ஒன்றும் திரும்பவில்லை. மணி அடித்தது. மேசை பச்சையாக ஒளிர்ந்து அவர்களை மனமார வாழ்த்தியது. வாசலில், முன்மாதிரி வாய்க்காலுக்கு அப்பால், ஜீவராஜின் பெக்கோ உறுமிக்கொண்டு முகத்துவாரத்தின் பக்கம் திரும்பியது.

மக்கீனின் மடியில் கைபேசி அடித்தது. ஜெமீலா. வலது கை மணிக்கட்டுவரை சோற்றுக்குள் இருந்தது. இடது கை சும்மாதான் கிடந்தது. அதற்கும் கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்கவேண்டும், அது எழும்பவில்லை.

அச்சிமுகம்மது கோழித் தொடையைப் பிய்த்து அவர் பக்கமாகத் தள்ளினார்.

"எடுங்க, விதானையார்."

"ஐயோ, நீங்க எடுங்க."